தேனிச் சாலையில் ஒரு சமாதி

போடிநாயக்கனூரிலிருந்து பேருந்தில் மதுரைக்கு வருவோர் தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி, செக்கானூரணி ஆகிய ஊர்களைக் கடந்து, நாகமலையைப் பின்னே விட்டு நகருக்குள் நுழையும்போது, காளவாசலை அடுத்த சம்மட்டிபுரம் வழியாகவே வந்தாக வேண்டும். அங்கே சிறிய சதுரப் பள்ளிவாசல் ஒன்று உண்டு. கான்சாகிபு பள்ளிவாசல் என்பது அதன் பெயர். ஒரு மனிதனின் உடலில் ஒரு பகுதியின்மீது மட்டும் 1808இல் எழுப்பப்பட்ட கட்டடம் அது. தலையும் கைகளும் கால்களும் இல்லாத முண்டமே அங்கே அடக்கம் செய்யப்பட்டது என்பது வழிவழிச் செய்தி. தலை திருச்சிராப்பள்ளிக்கும், கைகள் பாளையங்கோட்டைக்கும், கால்களில் ஒன்று தஞ்சைக்கும் மற்றொன்று நம் பெரியகுளத்துக்கும் அனுப்பப்பட்டனவாம். போடியிலிருந்து பெரியகுளம் தேனி வழியாக ஒரு மணி நேரப் பயணம். ஏலமலைச் சரிவிலிருந்து மதுரைக்குச் செல்லும் நம் மக்கள், ஒரே மனிதனின் காலையும் உடலையும் அருகருகே கடந்தும், அவன் இன்னான் என்று அறியாமலே வாழ்நாளெல்லாம் போய்வருகின்றனர்.

இவனைப் பற்றி எழுதத் தூண்டியது நூலகம் அன்று. நம் அன்பர் ஒருவர். போடியில் ஏலக்காய் வாணிகம் செய்பவர். மலைமேல் ஏலத்தோட்டம் ஒன்றைக் கூட்டாளி ஒருவரோடு குத்தகைக்கு எடுத்திருந்தார். ஓர் ஆண்டு நல்ல விளைச்சல். காயெடுப்பு முடிந்து, ஸ்டோரில் உலர்த்திச் சாக்குகளில் கட்டிவைத்திருந்த சரக்கை, இவர் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு வாரத்தில், கூட்டாளி தம் பெயரில் விற்றுவிட்டார். வழக்கு, பஞ்சாயத்து எல்லாம் முடிந்து பல ஆண்டுகள் ஆகின்றன. ஆயினும் கூட்டாளி எந்தத் திருப்பலிக்கு வருகிறாரோ அந்தத் திருப்பலிக்கு இவர் வருவதில்லை. "பணம் போனது போகட்டும் ஐயா, ஒரே தட்டுல சாப்பிட்டவன் செஞ்சதுதான் ஆறமாட்டேங்குது. ஒருநாள் அவனுக்கு இருக்கு" என்பார். இந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் நமக்குச் சம்மட்டிபுரம் நினைவுக்கு வரும். ஒரே தட்டில் உண்டவர்கள் ஒருவரையொருவர் அழித்த கதை அங்கேதான் புதைந்து கிடக்கிறது.

யூசுப்கான் என்றும் கான்சாகிபு என்றும் வரலாறு குறிக்கும் இம்மனிதர், இராமநாதபுரச் சீமையில் பனையூர் என்னும் சிற்றூரில், ஏறத்தாழ 1725இல், வேளாளர் குடியில் பிறந்தவர் என்றும், மருதநாயகம் என்பதே இயற்பெயர் என்றும் கூறுவர். இளமையில் வீட்டை விட்டு வெளியேறி இசுலாம் தழுவினார். எசமானர் பலரிடம் ஊழியம் செய்தார். பிரெஞ்சுக்காரரிடமும் இருந்தார், 1752 அளவில் இராபர்ட் கிளைவின் கீழ்ச் சிப்பாய்த் தலைவராக ஆங்கிலேயர் பக்கம் காணப்படுகிறார். அக்காலத்தில் இது இழுக்கன்று. நாடு, இனம் என்னும் எண்ணங்கள் இன்றைய உருவம் பெறாத காலம் அது. சம்பளம் கொடுப்பவன் கொடியே படைவீரனின் கொடி. சம்பளம் மூன்று மாதம் நிலுவையில் நின்றால் வேறு கொடி தேடுவான். இந்தியச் சிப்பாய் மட்டுமன்றிச் செருமானியர், சுவிட்சர்லாந்தினர், போர்த்துகீசியர், பிரெஞ்சுக்காரர் என ஐரோப்பியரும் கர்நாடகப் போர்களில் அவ்வாறே அணிமாறினர். கூலிப்படை என்று நாம் இன்று இகழ்ச்சியாகச் சொல்லும் சொல் அன்று ஒரு தொழிலின் பெயர்.

அத்தொழிலில் அவர் தலைசிறந்தவர். திருச்சிராப்பள்ளிக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மைசூராரும் ஆண்டுக்கணக்கில் மோதியபோது, முற்றுகைக்குள் சிக்கிய நகருக்குத் தானியவண்டிகளைக் கொண்டுசேர்த்தவர் அவரே. தளபதி இலாரன்சு அவரைப் பிறவிப் போர்வீரர் என்றே மதித்தார். 1754இல் அங்கே நிகழ்ந்த ஒன்றைச் சற்று விரித்துக் கூறவேண்டும்; பின்னால் வரப்போவதற்கு அது முன்னோடி. இலாரன்சின் மொழிபெயர்ப்பாளனாகிய பொன்னியப்பன் என்பவன் மைசூராரோடு மறைவில் உறவாடினான். தன் குற்றம் வெளிப்படாதிருக்கவும் தனக்குப் பிடிக்காதவரை ஒழிக்கவும் ஒரே கல்லில் வழி தேடினான். யூசுப்கான் நகரைக் காட்டிக்கொடுக்க இசைந்ததாகப் பொருள்படும் போலிக் கடிதம் ஒன்றைப் புனைந்து, அது ஆங்கிலேயர் கையில் சிக்குமாறு செய்தான். அதுவரை நம்பிக்கைக்கு உரியவராக இருந்தவர் ஒரே நாளில் ஐயத்துக்கு உள்ளானார். விசாரணை நடந்தது, பொய் வெளியாயிற்று, பொன்னியப்பனைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டனர்.

தம்மை நம்பியவர்களே ஒரு காகிதத் துண்டைப் பார்த்துத் தம்மைச் சந்தேகித்ததை யூசுப்கான் மறந்திருப்பாரா? மறந்திருக்க மாட்டார் என்றே நாம் கருதுகிறோம். பிற்காலத்தில், சென்னைக்கு நேரில் வருமாறு கம்பெனியார் அழைத்தபோது அவர் போகாமல் மறுத்ததற்கு நவாபின் பகைமையை மட்டுமே காரணம் காட்டுவார்கள். அதனடியில் இந்தப் பழைய வடுவும் இருந்திருக்கக்கூடும்.

1756இல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் வரி தண்டவும் பாளையக்காரரை அடக்கவும் அனுப்பப்பட்டார். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி இலாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, தெற்கிலிருந்து படையோடு விரைந்து வந்து, செங்கற்பட்டில் இருந்த கேப்டன் பிரெஸ்டன் என்பவரோடு சேர்ந்து பிரெஞ்சுக்காரரின் உணவு வழிகளை அறுத்தார். 1759 பிப்ரவரி 9ஆம் நாள் பரங்கிமலை அடிவாரத்தில் பெரும்போர் நடந்தது. திருத்தூதர் தோமையாரின் நினைவு நிற்கும் அந்தக் குன்றின் சுற்றுப்புறத்தில், கையோ, பிரெஸ்டன், யூசுப்கான் மூவரும் தோளோடு தோள் நின்று பகைவரைத் தடுத்தனர். பிப்ரவரி 17இல் முற்றுகை கலைந்தது. பிரெஸ்டன் என்னும் இப்பெயரை வாசகர் நினைவில் வைக்க வேண்டுகிறோம்.

அதே ஆண்டு யூசுப்கான் மதுரையின் ஆளுநராகத் திரும்பினார். ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் குத்தகை. ஆளத் தெரிந்தவர் என்பதில் ஐயமில்லை. நின்றுபோயிருந்த மீனாட்சி கோவில் மானியங்களை மீண்டும் அளித்தார். நெசவுக்கும் வாணிகத்துக்கும் பாதுகாப்புத் தந்தார். மதுரையின் கான்சாமேட்டுத் தெரு இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் அவரை விடுதலை வீரராக மட்டுமே சித்திரிப்போர், நெற்கட்டுஞ்செவலின் பூலித்தேவரிடம் அவர் நடந்துகொண்ட விதத்தையும் சேர்த்தே எழுதவேண்டும். 1761இல் அக்கோட்டைகளை வீழ்த்தியவர் அவரே. அவர் தண்டிய வரி கம்பெனியின் பணப்பெட்டிக்கே போயிற்று. பாளையக்காரர் அஞ்சி நடுங்கிய பெயர் கான்சாகிபு என்பது.

நம் மலையடிவாரமும் அக்காலத்தில் அமைதியாக இருக்கவில்லை. போடிநாயக்கனூர், தேவாரம், கோம்பை, எரசக்கநாயக்கனூர், கண்டமநாயக்கனூர், வடகரை எனச் சிறுசிறு பாளையங்கள் மேற்குமலையின் கணவாய் வாயில்களில் வரிசையாக அமைந்திருந்தன. கொட்டகுடி ஆற்றங்கரையில் அமர்ந்த போடிக்கு மேலே குரங்கணிப் பக்கமும் போடிமெட்டுப் பக்கமும் மலையேறும் ஒற்றையடித் தடங்கள். அவற்றின் வழியே ஏலமும் மிளகும் இறங்கின, அரிசியும் உப்பும் துணியும் ஏறின. அந்தத் தடங்களில் சுங்கம் வாங்குபவனே பாளையக்காரன். இச்சீமைக்குத் தலைவாசலான திண்டுக்கல்லில் 1755 முதல் மைசூராரின் பௌஜ்தாராக அமர்ந்திருந்தவர் ஐதரலி. 1760இல் திண்டுக்கல் மைசூர்ப் படை தெற்கே இறங்கி வத்தலக்குண்டைப் பிடித்தபோது, யூசுப்கானின் படை அதனை எதிர்த்துப் போரிட்டு மீட்டது. வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் எவ்வளவு தொலைவு? நம் முன்னோர் அந்தத் துப்பாக்கியோசையைக் கேட்காவிட்டாலும், படைக்குப் போன மாட்டையும் தானியத்தையும் கணக்குப் பார்த்திருப்பர்.

கெடுமதி எங்கிருந்து தொடங்கியது? பணத்திலிருந்துதான். ஆர்க்காட்டு நவாபு முகமதலி கம்பெனிக்குப் பெருங்கடன் பட்டவர். மதுரைச் சீமை தமக்கே உரியது என்பது அவர் வாதம். தம் ஊழியனாக இருக்கவேண்டியவன் தமக்கு நிகராக வளர்வதை அவர் பொறுக்கவில்லை. யூசுப்கான் ஆண்டுக்கு 7 இலட்சம் வீதம் நான்கு ஆண்டுக்குக் குத்தகை கேட்டார், கம்பெனி மறுத்துவிட்டது. பத்தாண்டுகள் எந்தக் கம்பெனிக்காக இரத்தம் சிந்தினாரோ, அந்தக் கம்பெனி அவரை நவாபின் கீழ் நிற்கச் சொன்னது. 1763இல் அவர் ஆங்கிலக் கொடியை இறக்கிப் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார்.

இங்கேதான் அவர் காலத்தின் கணக்கைத் தவறவிட்டார். அதே 1763 பிப்ரவரி 10இல் பாரிசில் உடன்படிக்கை கையொப்பமாகிவிட்டது. அதன் 11ஆம் விதிப்படி பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியைத் திரும்பப் பெற்றனர். முகமதலியே கர்நாடகத்தின் உரிமையுள்ள நவாபு என்று ஒப்புக்கொண்டனர். அதாவது, யூசுப்கான் மதுரைக் கோட்டையில் ஏற்றிய கொடிக்கு உரியவர்கள், அவருடைய பகைவனை முன்னரே ஏற்றுக்கொண்டிருந்தனர்! அவருக்கு உதவ வந்தது பிரெஞ்சு அரசு அன்று; பிரெஞ்சுக் கூலிவீரர்கள். 1761 சனவரியில் புதுச்சேரி விழுந்தபின் சம்பளமின்றிச் சிதறியவர்களில் சிலர் ஐதரலியிடம் போயினர். சிலர் வேறு சிற்றரசரிடம் போயினர். ஒரு பகுதியினர் மார்ஷான் என்னும் தலைவரின் கீழ் மதுரைக்கு வந்தனர்.

1763 செப்டம்பரில் கம்பெனியும் நவாபும் மதுரையை முற்றுகையிட்டனர். மழை வந்து அது தோற்றது. மறு ஆண்டு மேஜர் சார்லஸ் காம்பெல் தலைமையில் மீண்டும் சூழ்ந்தனர். தொண்டைமானும் மறவர் சீமைகளும் நவாபு பக்கம் நின்றன. 1764 சூன் 26இல் கோட்டைச் சுவர் உடைப்பில் ஏறிப் பெருந்தாக்குதல் நடத்தினர். யூசுப்கான் அதனை முறியடித்தார். அன்று சுவர் உடைப்பில் படுகாயமுற்று, பின்னர் உயிர்நீத்த அதிகாரி யார் தெரியுமா? பரங்கிமலையில் அவரோடு தோள்சேர்ந்து நின்ற அதே பிரெஸ்டன். ஐந்தே ஆண்டுகளில் தோழன் தோழனைக் கொன்றான். வெளியே நின்ற ஆங்கில அதிகாரிகளுக்கு யூசுப்கான் நன்றிகெட்ட துரோகி. உள்ளே நின்ற யூசுப்கானுக்குக் கம்பெனியே நன்றிகெட்ட துரோகி. இருவரும் தத்தம் நியாயத்தில் உறுதியாக இருந்தனர் என்பதே கொடுமை.

முற்றுகைக் காலத்தில் ஆங்கிலேயர் பாசறைக்கு ஒருவர் வந்து காயமுற்றோரையும் சாகக்கிடந்தோரையும் பேணினார். அவர் சுவார்ட்சு ஐயர். செருமானியர், இலுத்தரன் சபைக் குரு. நம் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர். எனினும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அப்பணிக்காகக் கிடைத்த அன்பளிப்பை அவர் திருச்சிராப்பள்ளியில் பள்ளிக்கூடப் பணிக்குச் செலவிட்டார். நம் மதுரை மறைத்தளமோ அவ்வேளை அனாதை நிலையில் இருந்தது. 1759இல் போர்த்துகலின் பொம்பால் சேசு சபையாரை நாடுகடத்தினான். 1764 நவம்பரில் பிரெஞ்சு மன்னனும் தன் நாட்டில் அச்சபையைக் கலைத்தான். ஐரோப்பாவிலிருந்து பொருளும் ஆளும் வருவது அருகிவிட்ட நாளில், எஞ்சிய குருக்கள் இப்படைகளின் நடுவேதான் நம் மக்களைத் தேடித்தேடி நடந்தனர்.

கோட்டைக்குள்ளும் கிறிஸ்தவப் பெண் ஒருத்தி இருந்தாள். யூசுப்கானின் மனைவி மாசா. மர்சியா என்பதன் திரிபு அது என்றும், போர்த்துகீசிய வழிவந்த குடும்பத்தினள் என்றும் ஆய்வாளர் கருதுவர். அவளுக்குச் சின்னஞ்சிறு மகன் ஒருவன். கணவனின் வெற்றிகளைப் பாடும் 'கான்சாகிபு சண்டை' என்னும் நாட்டுப்பாடலும் அவளை மறக்கவில்லை.

தாக்குதலில் தோற்ற காம்பெல் பட்டினியை ஆயுதமாக்கினார். கோட்டைக்குள் போகும் எல்லா வழிகளும் அடைபட்டன. மாதங்கள் கடந்தன. உணவு அருகியது, சம்பளம் நின்றது. சம்பளம் நின்ற கூலிப்படையில் அடுத்து என்ன நிகழும் என்பதை யூசுப்கானைவிட நன்கறிந்தவர் யார்? அவரே அத்தொழிலில் வளர்ந்தவர். மார்ஷானுக்கும் அவருக்கும் வாய்ச்சண்டை முற்றியது. ஒருநாள் சினம் தலைக்கேறி, எல்லோரும் பார்க்க, மார்ஷானைச் சவுக்கால் அடித்துவிட்டார் என்பது வரலாற்றாசிரியர் கூறும் செய்தி. ஓர் அதிகாரியை, அதிலும் மானம் ஒன்றையே சொத்தாகக் கொண்டு கடல்கடந்து வந்த படைத்தலைவனை, வண்டிக்காரன் மாட்டை அடிப்பதுபோல் அடிப்பது! அந்த ஒரு வீச்சில் மதுரை விழுந்துவிட்டது, மீதியெல்லாம் நாள்கணக்குதான்.

மார்ஷான் வாளை உருவவில்லை. பழிவாங்கும் கலையில் அவர் தேர்ந்தவர், காத்திருந்தார். திவான் சீனிவாசராவும் மருத்துவர் பாபாசாகிபும் அவரோடு சேர்ந்தனர். 1764 அக்டோபர் 13ஆம் நாள், கான்சாகிபு தொழுகையில் இருந்த வேளையில் என்று மக்கள் சொல்வர், இவர்கள் பாய்ந்து பிடித்து, அவருடைய தலைப்பாகையையே அவிழ்த்து, அதைக் கயிறாக்கிக் கைகளைக் கட்டினர். யூதாசின் முத்தத்தை ஆண்டுதோறும் தவக்காலத்தில் கேட்கும் நமக்கு இக்காட்சி புதிதன்று. ஆனால் ஒரு வேறுபாட்டை மறுக்க முடியாது. ஒலிவத்தோட்டத்தில் கட்டுண்டவர் யாரையும் அடித்தவரல்லர்.

காம்பெல் தம் கையால் தூக்கிலிடவில்லை. கைதியை நவாபிடம் ஒப்படைத்தார், அவ்வளவே. கைகழுவத் தண்ணீர் கேட்ட ஆளுநர் பிலாத்துவும் அவ்வளவே செய்தான். அக்டோபர் 15, திங்கட்கிழமை, அவிலாவின் புனித தெரேசாவின் திருநாளன்று, மதுரைக்கு மேற்கே பாசறையை ஒட்டிய இடத்தில் யூசுப்கான் தூக்கிலிடப்பட்டார். இருமுறை கயிறு அறுந்தது, மூன்றாம் முறைதான் உயிர் பிரிந்தது என்பர். மறுபடி எழுந்துவிடுவாரோ என்னும் அச்சத்தால்தான் உடலைக் கூறிட்டு ஊர் ஊராக அனுப்பினர் என்றும் கதை வளர்ந்தது. அச்சம் உண்மையே, அவர் பெயரைக் கேட்டு நடுங்கிய ஊர்களுக்கு, 'இதோ பாருங்கள்' என்று காட்டுவது அக்கால அரசியல். பெரியகுளத்துக்கு வந்தது அப்படித்தான் வந்திருக்க வேண்டும். மலையடிவாரப் பாளையங்களுக்கு அனுப்பிய ஓலை அது.

நவாபு முகமதலி தம் வஞ்சினத்தை நிறைவேற்றிக்கொண்டார். அதன்பின் முப்பது ஆண்டுகள் கடன்மேல் கடன் வாங்கி 1795இல் இறந்தார். 1801இல் அவருடைய நாட்டையே கம்பெனி எடுத்துக்கொண்டது. மதுரைக் கோட்டையின் சுவர்களும் பிற்காலத்தில் இடிக்கப்பட்டன. நமக்குக் கிடைத்த நூல்களுள் எஸ். சி. ஹில் 1914இல் வெளியிட்ட வரலாறே இன்றுவரை அடிப்படை. 1997 அக்டோபரில் 'மருதநாயகம்' என்னும் திரைப்படம் இங்கிலாந்து அரசி எலிசபெத் முன்னிலையில் சென்னையில் தொடங்கப்பட்டபோது நாடெங்கும் அவர் பெயர் ஒலித்தது; அப்படம் முற்றுப்பெறவில்லை. ஒரு காலத்தில் அவரைத் தூக்குக்கு அனுப்பிய நாட்டின் அரசி அவ்விழாவுக்கு வந்ததில் உள்ள முரணை அன்று மக்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

அண்மையில் நம் ஏலக்காய் அன்பரோடு ஒரே பேருந்தில் மதுரைக்குப் பயணம் செய்ய நேர்ந்தது. மடியில் மாதிரிச் சரக்கு வைத்த துணிப்பை, பேருந்தே மணத்தது. ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது தொடங்கி இக்கதையை அவருக்குச் சொல்லிக்கொண்டு வந்தோம். பரங்கிமலையில் தலையசைத்தார். பிரெஸ்டன் விழுந்த இடத்தில் 'அடடா' என்றார். தலைப்பாகையால் கட்டிய இடத்தில் அவர் முகம் சிவந்தது. "கூட இருந்தே குழிபறிச்சுட்டானே, பாவி!" என்று மார்ஷானைத் திட்டினார். தம் கூட்டாளியின் முகம் அவர் கண்முன் நின்றது என்பதை நாம் உணர்ந்தோம்.

காளவாசல் நெருங்கியது. இடத்தைக் காட்டினோம். சன்னல் வழியே குனிந்து பார்த்தார். பேருந்து நகர்ந்த பிறகு, வெகுநேரம் கழித்து, தாழ்ந்த குரலில் கேட்டார்: "ஐயா, சவுக்கை எடுத்து முதல்ல அடிச்சது கான்சாகிபுதானே?"

"ஆம்" என்றோம்.

தோட்டத்துக் கணக்கில் எந்தப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாரோ, நாம் கேட்கவில்லை. ஆரப்பாளையம் வரும்வரை அவர் வேறொன்றும் பேசவில்லை. துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நம்மிடம் சொல்லிக்கொள்ளவும் மறந்து, இறங்கி நடந்தார்.